நான்காவது ஈடு ராகி மாவு

மார்ச் 9ஆம் தேதி டப்பாவில் போட்ட ராகி மாவு, ஏப்ரல் 18ஆம் தேதி கடைசிக் கரண்டி வரை வாசம் மாறாமல் வந்தது. நாற்பது நாள். கட்டி தட்டவில்லை, வண்டு விழவில்லை, கசக்கவில்லை. இதற்கு முன் மூன்று ஈடு கெடுத்திருக்கிறேன். எது எங்கே கெட்டது, நான்காவது எப்படித் தேறியது என்பதெல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வீட்டு முன்கட்டிலேயே கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். அம்மா, நான், மனைவி, ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன் என்று ஐந்து பேர். மனைவி காலை எட்டரைக்கு வேலைக்குப் போனால் திரும்ப மாலை ஏழாகிவிடும். அதனால் இந்த மாவு வேலை முழுவதும் என் பொறுப்பு. பக்கத்திலிருந்து வழிகாட்டியது அம்மா.

2024 செப்டம்பரில் ஒரு மாத மளிகைச் சீட்டுகளைச் சேர்த்து வைத்துக் கணக்குப் பார்த்தோம். உறையிலும் டப்பாவிலும் வருகிற பண்டங்களுக்கு மட்டும் 2,660 ரூபாய் போயிருந்தது. பாலில் கலக்கும் சத்துப் பானப் பொடி இரண்டு டப்பா 860, பிஸ்கட் 600, சிப்ஸ் வகை 500, காலையில் பாலில் போடும் சோளச் செதில் 380, நூடுல்ஸ் 320. பொடி டப்பாவின் பின்பக்கத்தை மகள்தான் எழுத்துக்கூட்டிப் படித்தாள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை. இத்தகைய பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவில் வைக்க வேண்டாம் என்று மத்திய வர்த்தக அமைச்சகம் அந்த ஆண்டு ஏப்ரலில் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியிருந்தது. செய்தித்தாளில் படித்தபோது எனக்கு அது உறைக்கவில்லை. மாதம் 860 ரூபாய் கொடுத்து நான்தான் அதை வாங்கி வைக்கிறேன் என்று சீட்டைப் பார்த்தபோது உறைத்தது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் பிள்ளைகள் இரண்டு நாள்கூடத் தாங்க மாட்டார்கள். முதலில் அந்தப் பொடிக்கு மட்டும் மாற்று தேடினோம். "உன்னையும் உன் தங்கையையும் முளைகட்டின ராகிக் கஞ்சியில்தான் வளர்த்தேன்" என்றார் அம்மா. எங்கள் பக்கம் கேழ்வரகை ராகி என்றே சொல்வோம். சுண்ணாம்புச் சத்து நிறைந்த தானியம். விலையும் கைக்கு அடங்கும்.

முதல் ஈட்டை அக்டோபரில் போட்டேன். இரண்டு கிலோ ராகியை இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் தண்ணீரை இறுத்து, மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் அடைத்து வைத்தேன். மறுநாள் மாலை திறந்தால் புளித்த வாடை. மணிகள் பிசுபிசுவென்று கையில் ஒட்டின. அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர் தேங்கியிருந்தது. மேலே முளை வந்திருந்தது, அடியில் அழுகியிருந்தது. அப்படியே கொட்டினேன். 96 ரூபாய் நட்டம். ஊறிய தானியத்துக்குத் தண்ணீர் வடியவும் காற்று புகவும் வழி வேண்டும்; பழைய பருத்தி வேட்டியில் தளர்வாக மூட்டை கட்டி, அடியில் ஏனம் வைத்துத் தொங்கவிட வேண்டும். "வேட்டி கிடைக்கவில்லையா?" என்று அம்மா கேட்ட பிறகுதான் இது எனக்கு உதித்தது.

இரண்டாவது ஈட்டில்தான் நிறையக் கற்றுக்கொண்டேன். நவம்பர் கடைசி வாரம், மூன்று கிலோ. வேட்டி மூட்டையில் முளை அழகாக வந்தது. மொட்டை மாடியில் ஒன்றரை நாள் வெயிலில் போட்டேன். வெயில் என்றால் மேகத்துக்கு நடுவே வந்து போகிற வெயில். ஒரு மணியை எடுத்துக் கடித்தேன், 'டக்'கென்று உடைந்தது. காய்ந்துவிட்டது என்று முடிவு கட்டி, லேசாக வறுத்து மில்லுக்கு எடுத்துப் போனேன். அங்கே எனக்கு முன்னால் ஒருவர் மிளகாய் அரைத்துவிட்டுப் போயிருந்தார். மில்காரர் கல்லை ஒருமுறை வெறுமனே ஓட்டிவிட்டு என் ராகியைக் கொட்டினார். வீட்டுக்கு வந்து கஞ்சி காய்ச்சினால் மகனுக்கு உதடு எரிந்தது. அழுதுகொண்டே, "அப்பா, இது குழம்பு" என்றான். பிள்ளைகளுக்கு வேண்டாம், பெரியவர்கள் களி கிண்டிச் சாப்பிடுவோம் என்று டப்பாவில் போட்டு மூடினேன்.

அதே வாரம் ஃபெஞ்சல் புயல் வந்தது. டிசம்பர் முதல் நாட்களில் சேலத்தில் கொட்டித் தீர்த்தது. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது. வீட்டுச் சுவரெல்லாம் ஈரம் பூத்தது. பன்னிரண்டாம் நாள் டப்பாவைத் திறந்தபோது மூடியின் உட்பக்கம் நீர் கோத்திருந்தது. மாவில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டிகள். ஒன்றை உடைத்துப் பார்த்தேன். நடுவில் சாம்பல் பூத்த பச்சை நிறம், பழைய கோணிச் சாக்கின் வாடை. "வெயிலில் போட்டு வறுத்துவிடலாமே" என்றார் அம்மா. மூன்று கிலோ தானியத்தைக் கொட்ட அவருக்கு மனம் வரவில்லை. எனக்கும்தான். ஆனால் பூஞ்சணம் விடுகிற நஞ்சு வறுத்தாலும் போகாது. கொட்டினேன். ராகி 144, அரவை 36, ஆக 180 ரூபாய்.

அன்று இரவு மில் சீட்டை எடுத்துப் பார்த்தேன். 2.900 என்றிருந்தது. மூன்று கிலோ ராகி முளைத்து, காய்ந்து, வேர் உதிர்ந்து, வறுபட்ட பிறகும் 2.900 எப்படி இருக்கும்? எங்கள் தொழிலில் கட்டி வெள்ளி கைக்கு வரும்போது ஓர் எடை, உருக்கிய பின் ஓர் எடை, கம்பி இழுத்த பின் ஓர் எடை, மெருகு போட்ட பின் ஓர் எடை. ஒவ்வொரு படியிலும் எழுதுவோம். சேதாரம் கணக்கோடு ஒத்துவராவிட்டால் எங்கோ தவறு என்று பொருள். வெள்ளிக்குக் காட்டுகிற இந்த அக்கறையைப் பிள்ளைகள் குடிக்கிற கஞ்சிக்கு நான் காட்டவில்லை. அந்த மாவுக்குள் கால் கிலோ தண்ணீர் ஒளிந்திருந்தது. ஒரு மணியைக் கடித்துப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்த வாரமே அடுப்படிக்கென்று தனியாக ஒரு மின்தராசு வாங்கினேன். ஐந்து கிலோ வரை போடலாம், ஒரு கிராம் வரை காட்டும், 420 ரூபாய். பட்டறைத் தராசு இதைவிடப் பல மடங்கு நுட்பமானதுதான். ஆனால் பற்றவைக்கும் பொடியும் அமில ஈரமும் படிந்த தட்டில் சாப்பாட்டுப் பொருளை வைக்கக் கூடாது. கொலுசு வேலை செய்கிறவர்கள் வீட்டில் இதைக் கண்டிப்பாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஈட்டில் காயவைத்தது சரியாக இருந்தது, பேராசையில் கெடுத்தேன். தை மாதம். உறவுக்கார அக்கா ஒருவர் எழுதிக் கொடுத்த பட்டியல்படி பதினான்கு பொருள்: ராகி, கம்பு, பச்சைப்பயறு, நிலக்கடலை, முந்திரி, பாதாம் என்று நீண்டது. செலவு 780 ரூபாய். மில்லில் கடலையும் முந்திரியும் எண்ணெய் விட்டுக் கல்லை அடைத்துக்கொண்டன. மில்காரர் ஓட்டத்தை நிறுத்திக் கல்லைத் துடைக்க வேண்டியதாயிற்று. அவர் கோபித்ததில் நியாயம் உண்டு. பதினெட்டாம் நாள் மாவு நாக்கில் கசந்தது. கம்பில் எண்ணெய்ப் பசை அதிகம், அரைத்துவிட்டால் சீக்கிரம் காறிப்போகும். கம்பை முழுத் தானியமாக வைத்துக்கொண்டு அவ்வப்போது ஒரு வாரத்துக்கு மட்டும் அரைப்பதுதான் சரி. கடலையைத் தனியாக வறுத்துக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் அதையே விரும்பித் தின்கிறார்கள். மாவில் சேர்ப்பானேன்?

அந்த ஈட்டில் இன்னொரு குழப்பமும் இருந்தது. கஞ்சி கெட்டிப்படவே இல்லை. சாதாரண ராகி மாவு 25 கிராமுக்குக் கால் லிட்டர் தண்ணீர் என்றால் கரண்டியில் ஒட்டுகிற பதம் வரும். முளைகட்டிய மாவில் அதே அளவு போட்டால் பத்து நிமிடம் கிளறியும் ரசம்போல் ஓடியது. மில்லில் மாவு மாறிவிட்டதோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். அம்மா அடுப்பருகே வந்து நின்று பார்த்தார். நான் பச்சைத் தண்ணீரில் மாவைக் கரைத்து, அப்படியே சிறு தீயில் ஏற்றிக் கிளறிக்கொண்டிருந்தேன்.

"உலை கொதிக்கட்டும். கொதித்த பிறகு கரைசலை ஊற்றப்பா."

அப்படியே செய்தேன். 200 மில்லி தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, 50 மில்லி பச்சைத் தண்ணீரில் கரைத்த மாவை ஒரே ஊற்றாக ஊற்றிக் கிளறினேன். பாதி தேறியது. முளைவிடும்போது மாவுச்சத்தை உடைக்கிற நொதிகள் தானியத்தில் உண்டாகின்றன. கஞ்சியை மெதுவாகச் சூடேற்றினால் அவை வேலை செய்து மாவை நீர்க்க வைத்துவிடுகின்றன, கொதியில் விழுந்தால் உடனே அடங்கிவிடுகின்றன. அளவை 35 கிராமாக உயர்த்தியதும் பதம் முழுவதும் வந்தது. நீர்த்துப்போவதில் ஒரு நன்மையும் உண்டு: அதே கிண்ணத்தில் கூடுதல் தானியம் பிள்ளையின் வயிற்றுக்குள் போகிறது.

இனி நான்காவது ஈடு. தொடங்கும் முன் தானியத்தைச் சோதித்தேன். லீ பஜாரில் இரண்டு கடைகளில் கால் கிலோ வீதம் வாங்கி, ஒவ்வொன்றிலும் நூறு மணியை எண்ணி, ஈரத்துணியில் வைத்து மகளிடம் கொடுத்தேன். மறுநாள் மாலை அவளே எண்ணிச் சொன்னாள். முதல் கடையில் 61 முளைத்திருந்தன, இரண்டாவதில் 93. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல்தான் இருந்தன. முதல் கடைச் சரக்கு இன்னும் பளபளப்பாகக்கூட இருந்தது. முளைக்காத மணிதான் மூட்டைக்குள் ஊறி அழுகி வாடை கிளப்பும். இரண்டாவது கடையில் கிலோ 48 ரூபாய்க்கு மூன்று கிலோ வாங்கினேன். தை மாதத்தில் ஏற்காட்டுப் பக்கம் நாகலூரிலிருந்து தெரிந்தவர் ஒருவர் அறுவடை முடிந்த கையோடு கொஞ்சம் ராகி கொண்டு வந்து கொடுத்திருந்தார். அதில் 96 முளைத்தன, மணமும் தனி. ஆனால் ராகிக்காக மட்டும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கினால் பஸ் செலவுக்கும் ஒரு நாள் கூலிக்கும் கட்டுப்படியாகாது. மலைக்கு வேறு வேலையாகப் போகும்போது வாங்கி வரலாம்.

மார்ச் 5, புதன். முறத்தில் புடைத்ததில் உமியும் தூசியும் 35 கிராம். பிறகு கல் அரித்தல். ராகியில் மணல் மணியின் அளவுக்கே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அகலமான குண்டானில் தண்ணீர் விட்டு, ஒரு பக்கமாகச் சாய்த்து, உள்ளங்கையால் அலை எழுப்பினால் ராகி அலையோடு எழும்பி அடுத்த ஏனத்துக்குப் போகும். மணல் கனத்தால் பின்தங்கும். ஐந்து முறை அரித்தேன். அடியில் கிடந்த மணலை உலர்த்தி நிறுத்தேன்: 22 கிராம். மூன்று தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. கஞ்சியில் நறநறவென்று இருந்தால் எந்தப் பிள்ளைதான் குடிக்கும்?

ஊறல் பன்னிரண்டு மணி நேரம், நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றினேன். வியாழன் காலை ஆறு மணிக்கு வேட்டியில் கட்டிச் சமையலறை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். மதியமும் இரவும் கையால் தண்ணீர் தெளித்தேன். மாசிக் கடைசி என்பதால் புழுக்கம் ஏறத் தொடங்கியிருந்தது; வெள்ளி காலை ஆறு மணிக்கு மூட்டையைப் பிரித்தபோது வெள்ளை முளை எள்ளளவுக்கு வந்திருந்தது. அதுதான் கணக்கு. இன்னும் பாதி நாள் விட்டால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கம்பளம்போல் ஆகிவிடும், மாவிலும் கசப்பு தட்டும். ஈரத்தோடு எடை 4,380 கிராம்.

காயவைப்பதற்கு ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலையில் வேலை பார்க்கும் நண்பரிடம் கேட்டேன். சிமெண்டுக் களத்தில் ஜவ்வரிசி காயவைக்கிறவர்களைவிட வெயிலை அறிந்தவர்கள் எங்கள் மாவட்டத்தில் யார் இருக்கிறார்கள்? "மெல்லிசாகப் பரப்புங்கள். மணிக்கொரு முறை திருப்புங்கள். பொழுது சாய்வதற்கு முன்பே வாரிவிடுங்கள், இல்லையென்றால் பனியைக் குடித்துவிடும்" என்றார். இரண்டாவது ஈட்டில் நான் இரண்டு விரல் கனத்துக்குக் குவித்து, ஆறரை மணிவரை விட்டிருந்தேன். இம்முறை மூன்று வேட்டிகளில் ஒரு மணிக்கு மேல் இன்னொரு மணி நில்லாதபடி பரப்பினேன். புறாவுக்காகப் பழைய கொசுவலை.

அதே ராகியில் சரியாக 500 கிராம் எடுத்து ஒரு தட்டில் தனியாகப் பரப்பினேன். தட்டின் எடையை முன்பே கழித்துக்கொண்டேன். மொத்தத்தையும் வாரி வாரி நிறுக்க வேண்டியதில்லை, இந்தத் தட்டு காய்ந்தால் மற்றதும் காய்ந்தது. வெள்ளி காலை ஒன்பதுக்கு 500. நண்பகல் 402. மாலை நாலுக்கு 345. வாரி, துணியில் கட்டி வீட்டுக்குள் வைத்தேன். சனிக்கிழமை நண்பகல் 318. அப்போது ஒரு மணியைக் கடித்துப் பார்த்தேன். அதே 'டக்'. நவம்பரில் நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான். மூன்று மணிக்கு 311. நாலுக்கு 310. ஐந்துக்கும் 310. அடுத்தடுத்து இரண்டு முறை எடை அசையவில்லை என்ற பிறகே வாரினேன்.

மொத்தம் 2,720 கிராம். சொரசொரப்பான துணியில் வைத்துத் தேய்த்து வேரை உதிர்த்துப் புடைத்ததும் 2,650. இரும்பு வாணலியில் அரை கிலோ அரை கிலோவாகச் சிறு தீயில், கை பொறுக்கும் சூடு தாண்டி மணம் வருகிற வரை வறுத்ததும் 2,590. மூன்று கிலோவுக்கு 410 கிராம் சேதாரம். வெள்ளியில் இவ்வளவு சேதாரம் காட்டினால் கடைக்காரர் என்னை வாசல்படி ஏற்ற மாட்டார். ராகியில் இது சரியான கணக்கு. இதோடு பொட்டுக்கடலை 300, சுக்கும் ஏலக்காயும் 25 கிராம். வேறு எதுவும் சேர்க்கவில்லை.

ஞாயிறு காலை மில் திறந்ததும் முதல் ஆளாக நின்றேன். அரை கிலோ ரேஷன் பச்சரிசியை முதலில் ஓட்டச் சொன்னேன். கல்லில் ஒட்டியிருந்ததையெல்லாம் அது வாரிக்கொண்டு வந்தது. பிறகே ராகி. மாவு கல்லிலிருந்து சுடச்சுட இறங்கும். அந்தச் சூட்டோடு டப்பாவில் அடைத்தால் ஆவி மூடியில் நீராகித் திரும்ப மாவில் சொட்டும். இரண்டாவது ஈட்டை முடித்ததில் இதற்கும் பங்கு உண்டு. வெள்ளைத் துணியில் பரப்பி மின்விசிறியைப் போடாமல் இரண்டு மணி நேரம் ஆறவிட்டேன். சலித்தெடுத்தது 2,800 கிராம். நான்கு சிறு டப்பாக்களில் பிரித்துப் போட்டேன், ஒன்று தீர்ந்த பிறகே அடுத்ததைத் திறப்பது என்று.

செலவு: ராகி 144, பொட்டுக்கடலை 33, சுக்கு ஏலக்காய் 40, அரவை 36, எரிவாயு சுமார் 25. ஆக 278 ரூபாய். இரண்டு பிள்ளைகளுக்கும் தலைக்கு 35 கிராம் வீதம் நாளுக்கு 70 கிராம், அதனால் நாற்பது நாள். மாதக் கணக்கில் 209 ரூபாய் வருகிறது. ஓமலூர்ப் பக்கத்து வெல்லம் மாதம் 900 கிராம், 58 ரூபாய். இரண்டும் சேர்த்து 267. முன்பு 860. பால் செலவு இரண்டிலும் ஒன்றுதான், அதனால் சேர்க்கவில்லை. கெட்டுப்போன ஈடுகளிலும் தராசிலும் போன பணம் சுமார் இரண்டரை மாதத்தில் மீண்டுவிடும். வெல்லமும் சர்க்கரை வகைதான். ஒரு கிண்ணத்துக்கு 15 கிராமில் தொடங்கினோம், இப்போது 12. மகன் கண்டுபிடிக்கவில்லை. மகள் கண்டுபிடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

மிச்சமாகும் பணத்தை ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தையில் செலவிடுகிறோம். சிப்ஸ் உறை முக்கால்வாசி நின்றுவிட்டது. அதன் இடத்தில் மாலையில் தட்டுவடை செட்: வீட்டிலேயே பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் துருவி, இரண்டு சட்னி தடவி, தட்டுவடைக்கு நடுவே வைத்துக் கொடுக்கிறோம். தட்டுவடை எண்ணெயில் பொரித்ததுதான். ஆனால் ஒரு செட்டுக்குள் போகிற காய் பொரியலாக வைத்தால் தட்டிலேயே கிடக்கும், இப்படிக் கொடுத்தால் இன்னொன்று கேட்கிறார்கள். பிஸ்கட் பாதியாகியிருக்கிறது. நூடுல்ஸ் மாதம் ஒருநாள் இருக்கிறது. அதைப் பிடுங்க எனக்கு மனமில்லை.

அடுத்த முறை சிலவற்றை மாற்றுவேன். ஐப்பசி, கார்த்திகையில் முளைகட்டும் வேலையே வேண்டாம்; புரட்டாசி வெயிலிலேயே முளைகட்டிக் காயவைத்து, முழு மணியாக வைத்துக்கொண்டு, மழை மாதங்களில் ஒவ்வொரு கிலோவாக அரைத்துக்கொள்வேன். காய்ந்த மணி மாவைவிட நெடுநாள் தாங்கும். பொட்டுக்கடலையை 300இலிருந்து 200ஆகக் குறைப்பேன், மாவு வாயில் கொஞ்சம் ஒட்டுகிறது. வறுக்கும்போது மூன்றாவது வாணலி சற்றுக் கூடுதலாகச் சிவந்துவிட்டது. இனி ஒவ்வொன்றுக்கும் ஒன்பது நிமிடம் என்று கடிகாரம் வைத்துக்கொள்வேன்.

நேற்று லீ பஜாரில் புது மூட்டை பிரித்திருந்தார்கள். கால் கிலோ வாங்கி வந்தேன். ஈரத்துணியில் நூறு மணி இருக்கிறது. நாளை மாலை பள்ளி விட்டு வந்ததும் மகள் எண்ணுவாள். தொண்ணூறுக்கு மேல் வந்தால் மூன்று கிலோ.